சைதாப்பேட்டை ஆத்தங்கரை கதையை படங்களை வச்சே சொல்ல முடியுமா? நடுவுல பெரிய ஓட்டை இருக்கு, உதவுங்க

கேள்வி: ஆத்தோரத்தான்

எல்லாருக்கும் வணக்கம். நம்ம சைதாப்பேட்டை அடையாறு கரையோட கதையை படங்களாலயே வரிசையா அடுக்கி வைக்கணும்னு ரொம்ப நாள் ஆசை, இப்பதான் உக்காந்து ஆரம்பிச்சிருக்கேன். எழுத்து கம்மியா இருக்கணும், படம் பேசணும், எங்க ஏரியா பசங்க பாத்தா "டேய் இது நம்ம பாலம்டா"ன்னு அவங்களே கண்டுபிடிக்கணும். பிரிண்ட் போட்டு தெருவுல ஒரு நாள் பூரா மாட்டி வைக்கிற மாதிரி ஐடியா.

இப்போ கைல என்ன இருக்குன்னா, டேனியல்ங்கிற வெள்ளைக்கார ஓவியருங்க வரைஞ்ச ஆர்மீனியன் பாலம் (நம்ம ஏரியா பழைய பாலம்) படம் ஒண்ணு, நெட்ல இருந்து நல்ல சைஸ்ல எடுத்தது. அப்புறம் பழைய பேப்பர் கடையில கிடைச்ச ஒரு போஸ்ட்கார்டு, ஆத்து மணல்ல சலவைக்காரங்க துணி காயப்போட்டிருக்காங்க, பின்னாடி நீளமா கல்பாலம் தெரியுது, கீழ மெட்ராஸ்னு மட்டும்தான் அச்சடிச்சிருக்கு, தேதி ஒண்ணும் இல்ல. தெரிஞ்சவர் ஒருத்தர் குடுத்த ரயில்வே பாலத்தோட கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணு. அதுக்கப்புறம் நேரா 2015 டிசம்பர் வெள்ளம், அது மட்டும் மொபைல்ல எடுத்தது நூத்துக்கணக்குல வந்து குவியுது.

என் பிரச்சனை ரெண்டு. டேனியல் படத்தை எவ்வளவு நம்பலாம், அவங்க வரைஞ்ச மாதிரியே ஆறு அவ்ளோ அகலமா இருந்துச்சா இல்ல அழகுக்காக இழுத்து வரைஞ்சாங்களா? இன்னொண்ணு, 1800ல இருந்து 1960 வரைக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுமே இல்ல, சைதாப்பேட்டைன்னு தேடினா கோயில் கோபுரமும் பஜார் ரோடும்தான் வருது, ஆத்தை யாருமே படம் எடுக்கலையா? தெரிஞ்சவங்க சொல்லுங்க, எவ்ளோ நீளமா எழுதினாலும் படிப்பேன்.


பதில்: செப்புத்தகடு

நல்ல வேலை எடுத்திருக்கீங்க ப்ரோ. டேனியல் படத்தைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதை சொல்றேன்.

தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல், சித்தப்பா பெரியப்பா முறை, அதாவது வில்லியம் தாமஸோட அண்ணன் தம்பி யாரோ ஒருத்தரோட பையன். ரெண்டு பேரும் தென்னிந்தியாவுல சுத்துனது 1792, 93ல. இங்க எடுத்தது பென்சிலும் வாட்டர் கலரும்தான், லண்டனுக்குத் திரும்பிப் போய் அதை செப்புத் தகட்டுல அக்வாடின்ட்டா (வாட்டர் கலர் மாதிரியே தெரியுற அச்சு முறை) ஏத்தி ஓரியண்டல் சீனரின்னு தொகுதி தொகுதியா வெளியிட்டாங்க, மொத்தம் 144 படம். நம்ம பாலம் ரெண்டாவது தொகுதியில இருக்கு, அது வெளிவந்தது 1797, 98ல. அதனால உங்க வரிசையில அந்தப் படத்துக்குக் கீழ ரெண்டு வருஷத்தையும் போடுங்க, பாத்தது 1792-93, அச்சானது 1797-98. வெறுமனே 1798னு போட்டா அந்த வருஷம் ஆறு அப்படி இருந்துச்சுன்னு ஆயிடும்.

நம்பலாமான்னு கேட்டீங்க. அவங்க கேமரா அப்ஸ்க்யூரா வச்சு வேலை செஞ்சவங்க, அதாவது ஒரு பெட்டிக்குள்ள லென்ஸ் வழியா விழுற பிம்பத்தைப் பாத்து கோடு இழுக்கிறது. அதனால கட்டடம், பாலம், தூரம் இதெல்லாம் அளவு பெரும்பாலும் சரியா இருக்கும். வானம், மரம், முன்னாடி நிக்கிற ஆளுங்க, இதெல்லாம் ஊருக்குப் போனப்புறம் படம் நிறையணும்னு சேத்திருக்க வாய்ப்பு உண்டு. அதனால நான் இந்தப் படத்துல பாலத்தை நம்புவேன், மேகத்தை நம்ப மாட்டேன்.

இப்போ முக்கியமான விஷயம். அந்தப் பழைய பாலத்துக்கு 29 கண் வளைவு, எல்லாம் ஒரே அளவு கூட இல்ல, பெருசும் சிறுசுமா இருக்கும். 29 எதுக்கு? கோடையில ஒரு ஓரமா ஓடுற ஆத்துக்கு யாரும் சொந்தக் காசைப் போட்டு 29 வளைவு கட்ட மாட்டாங்க. ஐப்பசி கார்த்திகையில தண்ணி கரை முழுக்க விரிஞ்சு வர்றதைப் பாத்தவங்கதான் அப்படிக் கட்டுவாங்க. அடையாறு மலையில பொறக்கிற ஆறு கிடையாது, ஏரிங்க நிரம்பி வழிஞ்சு உண்டாகுற ஆறு, ஒவ்வொரு ஏரியா நிரம்பி கடைசியில எல்லாம் சேந்து ஒரே நேரத்துல வரும். அதுக்குத்தான் அந்த அகலம். உங்க கண்காட்சிக்கு வர்ற பசங்களை அந்தப் படத்துல வளைவை எண்ணச் சொல்லுங்க, எண்ணி முடிச்சதும் இன்னைக்கு அதே இடத்துல இருக்கிற மறைமலை அடிகள் பாலத்துல நின்னு எடுத்த படத்தைக் காட்டுங்க. எல்லாரும் பழைய படத்துல கட்டடத்தைத் தேடுறாங்க, சைதாப்பேட்டைக்கு பாக்க வேண்டியது ஆத்தோட அகலத்தை. என்னைக் கேட்டா உங்க வரிசைக்கே அதுதான் முதுகெலும்பு.

கட்டினவர் கோஜா பெட்ரூஸ் உஸ்கான், ஆர்மீனிய வியாபாரி, ஈரான்ல ஜுல்ஃபாவுல இருந்து வந்தவர். 1726ல தன் சொந்தப் பணத்துல கட்டினார், கட்டிட்டு விட்டுடல, பராமரிப்புக்கும் தனியா பணம் ஒதுக்கி வச்சார். பரங்கிமலைக்கு ஏறுற கல் படிக்கட்டும் அவர் உபயம்தான். ஜார்ஜ் கோட்டையில இருந்து மலைக்குப் போறவங்க ஆத்துல இறங்கித்தான் கடக்கணும்னு இருந்த நிலைமையை மாத்தினதே அவருதான், 1751ல இறந்துட்டார். இன்னைக்கு மவுண்ட் ரோடுன்னு நாம ஓட்டுற ரோடு நேரா இந்த இடத்துக்கு வந்து ஆத்தைத் தாண்டுதுன்னா அதுக்கு அவர் பாலம் அங்க முன்னாடியே இருந்ததுதான் காரணம்னு நான் நினைக்கிறேன்.

தேடும்போது சைதாப்பேட்டைன்னு தேடாதீங்க. மார்மலாங் பிரிட்ஜ் (இதே பாலத்தோட இன்னொரு பேர்), ஆர்மீனியன் பிரிட்ஜ், செயின்ட் தாமஸ் மவுண்ட் (பரங்கிமலை), இந்தப் பேர்களை இங்கிலீஷ்ல அடிச்சுத் தேடுங்க, அப்பதான் வரும். பிரிட்டிஷ் லைப்ரரி சைட்ல நிறைய இருந்துச்சு, 2023 அக்டோபர்ல அவங்க மேல சைபர் தாக்குதல் நடந்ததுல இருந்து அங்க பழைய லிங்க் பல வேலை செய்யறதில்ல. விக்கிமீடியா காமன்ஸ்ல டேனியல் படங்களோட பிரதி இருக்கு, காப்பிரைட் தொல்லையும் இல்ல.


பதில்: சின்னமலைக்காரன்

மேல அண்ணன் சொன்ன உஸ்கானோட கல்வெட்டு இன்னும் இருக்கு, பாலத்தோட சைதாப்பேட்டை பக்கம். ஆர்மீனியன், லத்தீன், பாரசீகம்னு மூணு மொழியில. பக்கத்துலயே தினமும் லட்சம் வண்டி போகுது, நின்னு பாக்க ஆள் இல்ல. பழைய பாலத்தை 1960கள்ல எடுத்துட்டு புதுசு கட்டினாங்க, அதனால அந்தப் பாலத்துக்குன்னு கண்ணுக்குத் தெரியுற சாட்சி இந்தக் கல்லுதான். உங்க வரிசையில இது கண்டிப்பா வரணும்.

படம் எடுக்கப் போனா உச்சி வெயில்ல போகாதீங்க, எழுத்து ஒண்ணுமே தெரியாது. காலையில சீக்கிரமோ இல்ல இருட்டினப்புறம் ஒரு டார்ச்சை கல்லோட பக்கவாட்டுல, கிட்டத்தட்ட கல்லை ஒட்டின மாதிரி சாய்ச்சுப் பிடிச்சோ எடுங்க, ஒவ்வொரு எழுத்துலயும் நிழல் விழுந்து தனியா எந்திரிச்சு நிக்கும். ஒரே கோணத்துல கேமராவை வச்சுட்டு டார்ச்சை மட்டும் இடம், வலம், மேலன்னு மாத்தி மாத்தி எடுத்தா இன்னும் நல்லது. சாக்பீஸ் தேய்க்கிறது, எண்ணெய் தடவுறது, மாவு பூசுறது இதெல்லாம் தயவு செஞ்சு வேணாம், சில பேர் பண்றாங்க, கல்லு போயிடும்.


பதில்: மீட்டர்கேஜ்

ரயில் பாலம் போட்டோவுக்கு நான் வரேன். முதல்ல பாலத்து மேல கம்பமும் மேல்கம்பியும் இருக்கான்னு பாருங்க. பீச்ல இருந்து தாம்பரம் வரைக்கும் மின்சார ரயில் ஓட ஆரம்பிச்சது 1931 மே மாசம். கம்பம் இல்லாம வெறும் பாலமா இருந்தா படம் பெரும்பாலும் அதுக்கு முந்தினது, கம்பம் இருந்தா அதுக்குப் பிந்தினது. அதே மாதிரி தண்டவாளம் ஒடுக்கமா தெரிஞ்சா மீட்டர்கேஜ், அது இந்த ரூட்ல 2004 வரைக்கும் ஓடுச்சு. லென்ஸ் வச்சு பெருசு பண்ணிப் பாத்தீங்கன்னா கம்பம் இருக்கா இல்லையான்னு ஒரு நிமிஷத்துல முடிவாயிடும்.

போஸ்ட்கார்டுக்கு படத்தை விட்டுட்டுப் பின்பக்கம் திருப்புங்க. நடுவுல கோடு போட்டு ஒரு பக்கம் விலாசம் ஒரு பக்கம் செய்தின்னு பிரிச்சிருக்கா, இல்ல முழுசும் விலாசத்துக்கு மட்டும்தானா? பிரிக்காததுன்னா ரொம்பப் பழசு, 20ஆம் நூற்றாண்டோட ஆரம்ப வருஷங்கள். ஸ்டாம்ப் ஒட்டியிருந்தா அதுல இருக்கிற ராஜாவைப் பாருங்க, ஏழாம் எட்வர்டுன்னா 1902க்கு அப்புறம், ஐந்தாம் ஜார்ஜ்னா 1911க்கு அப்புறம். ஆனா கார்டு தபால்ல போன தேதி வேற, படம் எடுத்த தேதி வேற, ஒரே நெகடிவை பல வருஷம் அச்சடிச்சு வித்துட்டு இருந்தாங்க. அதனால "இந்த வருஷத்துக்கு முன்ன"ன்னு மட்டும் எழுதுங்க. தண்ணி வெள்ளைத் துணி விரிச்ச மாதிரி வழவழன்னு இருந்து, நடக்கிற ஆள் கலங்கலா இருந்தா, லென்ஸ் ரொம்ப நேரம் திறந்திருந்த காலத்துப் படம். அதுவும் ஒரு துப்பு.

அறுபது எழுபதுகளுக்கு பஸ்ஸைப் பாருங்க, பல்லவன்னு எழுதியிருந்தா 1972க்கு அப்புறம்.

அந்த 160 வருஷ ஓட்டையைப் பத்தி. ஆத்தை யாரும் எடுக்கலன்னு இல்ல, ஆறுன்னு பேர் போட்டு யாரும் வைக்கல, அவ்ளோதான். சைதாப்பேட்டையில இருந்த ஸ்தாபனங்களோட பேர்ல தேடணும். 1868லயே இங்க விவசாயப் பள்ளிக்கூடமும் பண்ணையும் இருந்துச்சு, அது 1906ல கோயமுத்தூருக்குப் போய்தான் இன்னைக்கு வேளாண் பல்கலைக்கழகமா நிக்குது, அதனால சைதாப்பேட்டைப் படம் கோயமுத்தூர் ஆல்பத்துல கிடந்தா ஆச்சரியப்படாதீங்க. ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி இருக்கு, ஜனாதிபதியா இருந்த ராதாகிருஷ்ணன் படிச்ச இடம். 1920ல ஆரம்பிச்ச ஒய்எம்சிஏ உடற்கல்விக் கல்லூரியோட மைதானம் இந்தப் பக்கத்து ஆத்தங்கரை, பழைய குரூப் போட்டோக்கள்ல பசங்க வரிசையா நிப்பாங்க, அவங்க தோளுக்கு மேல என்ன தெரியுதுன்னு பாருங்க. பரங்கிமலையில பீரங்கிப் படை இருந்ததால வெள்ளைக்கார ஆபீசருங்க குடும்ப ஆல்பத்துலயும் இந்தப் பாலம் வர வாய்ப்பு நிறைய, அவங்க கோட்டைக்குப் போக வர முக்கியமான வழி இதுதான்.

இன்னொண்ணு, கலைஞர் 1967லயும் 1971லயும் ஜெயிச்ச தொகுதி சைதாப்பேட்டை. பத்திரிகைக்காரங்க அந்த ரெண்டு தேர்தல்லயும் இங்க சுத்தாத தெரு இருந்திருக்காது. தலைவர் முகத்தைப் பாக்காம அவருக்குப் பின்னாடி இருக்கிற தெருவையும் கரையையும் பாருங்க. தரமணி ரோஜா முத்தையா நூலகத்துல பழைய பத்திரிகைங்க இருக்கு, போய் கேளுங்க, நல்லா உதவுவாங்க.


பதில்: பெரும்பாக்கம் அக்கா

தம்பி நான் எப்பவும் படிச்சுட்டுப் போயிடுவேன், எழுத மாட்டேன், இது எங்க ஆறுங்கிறதால எழுதுறேன். நாங்க அந்தக் கரையிலதான் இருந்தோம், என் மாமியார் காலத்துல இருந்து. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் எங்க வரிசையை மொத்தமா காலி பண்ணி ஊருக்கு வெளிய இருக்கிற பெரும்பாக்கத்துல வீடு குடுத்தாங்க. இங்க வந்து பசங்களை பழைய ஸ்கூலுக்கே அனுப்ப முடியாம நாங்க பட்ட பாடு தனிக் கதை, அதை விடுங்க.

மேல எல்லாரும் படத்துல பாலத்தைப் பாரு, கம்பத்தைப் பாருன்னு சொல்றீங்க, சரிதான். ஆனா அந்தப் போஸ்ட்கார்டுல துணி காயப்போடுறாங்க பாருங்க, அவங்கதான் சைதாப்பேட்டை ஆத்தங்கரை. அவங்க பேர் ஒரு படத்துலயும் இருக்காது. கட்டினவர் பேர் கல்லுல மூணு மொழியில இருக்கு, இவங்க பேர் ஒரு மொழியிலயும் இல்ல. என் மாமியார் சொல்லுவாங்க, மழை விட்டு தண்ணி வடிஞ்சதும் மணல்ல கையால ஊத்து தோண்டினா நல்ல தண்ணி வரும், அதுலதான் பட்டுச் சேலை மாதிரி நல்ல துணியை அலசுவாங்களாம், ஓடுற தண்ணியில மத்ததெல்லாம். மாடு இந்தக் கரையில இருந்து அந்தக் கரைக்கு மேயப் போயிட்டு சாயந்தரம் தானா வரும்னு சொல்லுவாங்க. நான் கல்யாணம் ஆகி வந்தப்போ தண்ணி ஏற்கனவே கறுப்புதான், ஊத்து எல்லாம் நான் பாக்கல.

எங்க வீட்டுல ரெண்டு ஆல்பம் இருந்துச்சு, வெள்ளத்துல ஊறி செங்கல் மாதிரி ஆயிடுச்சு. பிரேம் போட்ட ஒரு படம் மட்டும் தப்பிச்சது, 1987ல எங்க நாத்தனார் கல்யாணத்தப்போ கரையில நின்னு எடுத்தது. அதுவும் கண்ணாடியோட ஒட்டிக்கிச்சு. இடது பக்கம் சாயம் கரைஞ்சு மஞ்சளும் ரோஸுமா வழிஞ்சு, நாத்தனார் முகத்துல பாதி இல்ல, மாமியார் முகம் நல்லா இருக்கு, அவங்க கைல வச்சிருக்கிற தாம்பாளம் தெரியுது. பின்னாடி பாலத்தோட கைப்பிடிச் சுவரும், கீழ ஆறும், ஆத்துல பாதிக்கு மேல புல்லு முளைச்சுக் கிடக்கிறதும் தெளிவா இருக்கு. உங்களுக்கு உதவும்னா தரேன். ஆனா கண்ணாடியில இருந்து பிரிச்சா மிச்சமும் போயிடும்னு பயமா இருக்கு.


பதில்: ஆத்தோரத்தான்

அக்கா, நீங்க எழுதினதை ரெண்டு தடவை படிச்சேன். கண்டிப்பா வேணும். டேனியல் படத்துக்கு நேர் பக்கத்துல அதே சைஸ்ல உங்க படம்தான், மத்ததெல்லாம் அப்புறம். நானே பெரும்பாக்கம் வந்து எடுத்துக்கிறேன், படம் உங்க வீட்டை விட்டு வெளிய போக வேணாம்.

போஸ்ட்கார்டு பின்பக்கம் பாத்துட்டேன் மீட்டர்கேஜ் அண்ணா, நடுவுல கோடு இருக்கு, எட்வர்டு ஸ்டாம்ப், பச்சைக் கலர் அரையணா. ரயில் பாலத்துல கம்பம் இல்லவே இல்ல. அப்போ ரெண்டுமே அந்த ஓட்டைக்குள்ள வந்து உக்காருது, ரொம்ப நன்றி.

கண்ணாடியில ஒட்டின படத்தை எப்படி எடுக்கிறதுன்னு யாராவது தெரிஞ்சவங்க சொல்லுங்க. 2015 படங்களை எப்படி வடிகட்டுறதுன்னும் சொல்லுங்க, எல்லாமே வாட்ஸ்அப்ல வந்தது.


பதில்: டார்க்ரூம்

ஸ்டூடியோ வச்சிருந்தவன், வெள்ளத்துக்கு அப்புறம் இந்த மாதிரி படங்கள் நிறைய கைக்கு வந்துச்சு, அதனால சொல்றேன்.

அக்கா, பிரிக்கவே பிரிக்காதீங்க. தண்ணி தெளிக்கிறது, ஹேர் டிரையர் காட்டுறது, பிளேடு விடுறது எதுவும் கூடாது. படத்தோட சாயம் இருக்கிற ஜெலட்டின் அடுக்கு ஈரத்துல இளகி கண்ணாடியோட பிடிச்சுக்கிச்சு, இப்போ இழுத்தா காகிதம் உங்க கையில வரும், மாமியார் முகம் கண்ணாடியில நிக்கும். இப்போதைக்கு அந்தக் கண்ணாடிதான் படத்துக்குப் பாதுகாப்பு, உடையாம பாத்துக்குங்க, வெயில் படாத இடத்துல வைங்க. செங்கல் மாதிரி ஆன ஆல்பத்தையும் தூக்கிப் போட்டுடாதீங்க. நனைஞ்ச உடனே இருந்திருந்தா சுத்தமான பச்சைத் தண்ணியில ஊற வச்சு ஒண்ணொண்ணா பிரிச்சிருக்கலாம், இத்தனை வருஷம் காஞ்சதை வீட்டுல முயற்சி பண்ண வேணாம், பாதுகாப்பு வேலை முறையா தெரிஞ்சவங்க கையில குடுங்க.

தம்பி, நீங்க கண்ணாடியோடயே எடுக்கலாம். பிரேமை மட்டும் கழட்ட முடிஞ்சா கழட்டிட்டு, கண்ணாடிப் பக்கம் கீழ இருக்கிற மாதிரி பிளாட்பெட் ஸ்கேனர்ல வைங்க, 600 டிபிஐ, டிஃப் பைலா சேமிங்க, ஜேபெக் அப்புறம் பண்ணிக்கலாம். ஸ்கேனர் தூக்கிட்டுப் போக முடியலன்னா கேமரா. படத்துக்கு நேரா, சாயாம, ஸ்டாண்டுல வச்சு, ரெண்டு பக்கமும் 45 டிகிரியில ஒரே மாதிரி லைட், பிளாஷ் கிடையாது. உங்க உருவமும் கேமராவும் கண்ணாடியில பிரதிபலிக்கும், அதுக்கு கேமரா முன்னாடி ஒரு கறுப்புத் துணியைத் தொங்கவிட்டு லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு எடுங்க. கம்ப்யூட்டர்ல அழிஞ்ச முகத்தை வரைஞ்சு நிரப்புற வேலை மட்டும் பண்ணாதீங்க. இப்போ ஏஐ வச்சு எல்லாரும் பண்றாங்க, அது நாத்தனார் முகமா இருக்காது, வேற யாரோ ஒரு பொண்ணோட முகம் வந்து உக்காரும். மஞ்சளும் ரோஸும் வழிஞ்சது அப்படியே இருக்கட்டும், 1987ம் 2015ம் ஒரே காகிதத்துல இருக்கு.

2015 படங்களுக்கு, வாட்ஸ்அப்ல வந்ததை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது, அது படத்தைச் சுருக்கி தேதி நேரம் இடம் எல்லாத்தையும் கழட்டி விட்டுடும். எடுத்தவங்களைத் தேடிப் பிடிச்சு ஒரிஜினல் பைலை டாக்குமெண்ட்டா அனுப்பச் சொல்லுங்க. டிசம்பர் 1 ராத்திரியும் 2ம் தேதி காலையும் எடுத்தது எதுன்னு பிரிச்சு அதை மட்டும் வைங்க. 1ம் தேதி தாம்பரத்துல 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்துல இருந்து வினாடிக்கு 29,000 கனஅடி திறந்துவிட்டதா அரசு கணக்கு, இங்க மறைமலை அடிகள் பாலத்தை மூடினாங்க. அந்த ரெண்டு நாள் படத்துல பாலத்துக்கு ரெண்டு பக்கமும் தண்ணி எங்க வரைக்கும் நிக்குதுன்னு பாருங்க, செப்புத்தகடு சொன்ன 29 வளைவு அகலம் என்னன்னு அப்போ புரியும். சுவத்துல தண்ணிக் கோடு இன்னும் இருந்தா பக்கத்துல டேப் பிடிச்சு அளவோட ஒரு படம் எடுங்க, வெள்ளை அடிச்சுட்டா போச்சு.


பதில்: செப்புத்தகடு

டார்க்ரூம் அண்ணன் சொன்னதோட ஒண்ணு சேக்கிறேன். நடுவுல அறுபதுகளுக்கு ஆகாயத்துல இருந்து எடுத்த படம் வேணும்னா அமெரிக்காவோட கொரோனா உளவு சாட்டிலைட் படங்களைத் தேடிப் பாருங்க, 1960ல இருந்து 72 வரைக்கும் எடுத்தது, 1995ல ரகசியம் நீக்கிட்டாங்க, யுஎஸ்ஜிஎஸ் (அமெரிக்க அரசோட நில ஆய்வுத் துறை) சைட்ல ஊர் வாரியா தேடலாம். இப்போ இருக்கிற கூகுள் எர்த் படத்தை அது மேல வச்சா கரை எவ்வளவு உள்ள வந்திருக்குன்னு கோடு போட்டே காட்டலாம். டேனியல் நின்ன அதே இடத்துல நின்னு படம் எடுக்கணும்னு ஆசை வரும், ஆனா அவங்க நின்ன கரை இப்போ யார் வீட்டுக்குள்ளயாவது இருக்கும். பாலத்து மேல இருந்தே எடுங்க.


பதில்: பெரும்பாக்கம் அக்கா

ஞாயித்துக்கிழமை வாங்க தம்பி, மத்தியானத்துக்கு மேல. எங்க பிளாக்குல இன்னும் நாலு வீட்டுல கரையில எடுத்த படம் இருக்குன்னு சொன்னாங்க, ஒருத்தர் வீட்டுல அவங்க தாத்தா துவைக்கிற கல்லு மேல நிக்கிற படமே இருக்காம், சொல்லி வச்சிருக்கேன். அந்த டேனியல் படத்தையும் பெருசா பிரிண்ட் போட்டு எடுத்துட்டு வாங்க, இங்க வயசானவங்க பாக்கணும்ங்கிறாங்க. ஒண்ணே ஒண்ணு, படத்துக்குக் கீழ பேர் போடும்போது எங்க மாமியார் பேரை முதல்ல போடணும், பாலத்து பேர் அப்புறம்.